சொல்லைச் சுமப்போர்: தொடர்பியல் கல்வியும் கம்பம் பள்ளத்தாக்கும்

மேல்நிலைத் தேர்வின் முடிவுகள் வெளியான சில நாள்களில் பங்கு இல்லத்திற்கு ஒரு தந்தையும் மகளும் வந்தனர். தந்தை ஏலத் தோட்டத்தில் கணக்கு எழுதுபவர். வாரம் முழுதும் மலைமேல் இருந்து ஞாயிறன்று மட்டும் இறங்கி வருபவர். மகள் நல்ல மதிப்பெண் பெற்றிருந்தாள். செவிலியர் படிப்பில் சேர்க்கலாம், இல்லையேல் ஆசிரியர் பயிற்சிக்கு அனுப்பலாம் என்று தந்தை எண்ணியிருந்தார். மகளோ காட்சித் தொடர்பியல், அதாவது நம் பிள்ளைகள் 'விஸ்காம்' என்று சொல்லும் படிப்பைத்தான் படிப்பேன் என்று உறுதியாக நின்றாள்.

"சாமி, இந்தப் படிப்பு சோறு போடுமா? நம்ம பாரதிராசாவும் இளையராசாவும் எந்தக் காலேசுல போயி இதப் படிச்சாங்க? படிக்காமலேயே அவுக பெரிய ஆளா ஆகலையா?" என்று கேட்டார் அந்தத் தந்தை.

எளிய கேள்விதான். ஆயினும் உடனே விடை சொல்ல என்னால் இயலவில்லை. அடுத்த ஞாயிறு வரை காலம் கேட்டேன். அவ்வாரத்தில் நான் எண்ணியவற்றையும், பழைய நூல்களைப் புரட்டி அறிந்தவற்றையும் இங்கே வாசகர்களோடு பகிர்ந்துகொள்கிறேன். இக்கேள்வி அந்த ஒரு வீட்டிற்கு மட்டும் உரியதன்று.

பள்ளத்தாக்கே பள்ளிக்கூடம்

மேற்கே ஏலமலை, கிழக்கே வருசநாட்டு மலை, இரண்டுக்கும் நடுவே முல்லையாற்று நீரில் செழிக்கும் வயல்கள், தென்னந்தோப்புகள், திராட்சைப் பந்தல்கள்: இதுவே கம்பம் பள்ளத்தாக்கு. 1895ஆம் ஆண்டு பென்னிகுயிக் கட்டி முடித்த பெரியாறு அணை, மேற்கே ஓடி வீணான நீரை இப்பக்கம் திருப்பியது. நீர் வந்த வழியே மக்களும் வந்தனர். மலைத்தோட்டங்களுக்கு வேலையாட்கள் சென்று திரும்பினர். 1928இல் மதுரையிலிருந்து போடிக்கு இருப்புப்பாதை போடப்பட்டது. ஏலக்காயும் தேயிலையும் அவ்வழியே இறங்கின. செய்தித்தாளும் நாடகக் குழுவும் அவ்வழியே ஏறின.

இத்தகைய வழித்தட நிலத்தில் சொல்லுக்கு எப்போதும் மதிப்புண்டு. சந்தையிலும் தேநீர்க் கடையிலும் திருவிழா மேடையிலும் பேச்சே பெருஞ்செல்வமாக விளங்கியது. இதற்குச் சான்றாக ஒரு நிகழ்வைக் கூறலாம். 1957இல் கேரளத்தில் ஆட்சியமைத்த இ.எம்.எஸ். நம்பூதிரிபாடு அரசுக்குச் சட்டமன்றத்தில் மிகச் சிறிய பெரும்பான்மையே இருந்தது. 1958இல் தேவிகுளம் தொகுதிக்கு இடைத்தேர்தல் வந்தது. வாக்காளருள் பெரும்பாலோர் தேயிலைத் தோட்டங்களில் உழைத்த தமிழர். அவர்களிடையே அச்சிட்ட அறிக்கையைவிடப் பாட்டே விரைவாகச் சென்று சேரும். பண்ணைப்புரத்தைச் சேர்ந்த பாவலர் வரதராசன் ஆர்மோனியத்தோடு மலையேறிச் சென்று, மக்கள் அறிந்த மெட்டுகளில் அரசியலைப் பாடினார். பொதுவுடைமைக் கட்சியின் வேட்பாளர் ரோசம்மா புன்னூஸ் வென்றார். அவ்வெற்றியில் பாவலரின் பாடல்களுக்கும் பங்குண்டு என்று இன்றும் பேசப்படுகிறது. அந்தப் பாவலரின் இளைய சகோதரர்தாம் 1943இல் பிறந்த இளையராஜா. பதின்ம வயதிலேயே அண்ணனின் குழுவில் சேர்ந்து ஊர் ஊராகச் சென்றவர் அவர்.

யாரிடம் பேசுகிறோம், அவர்களுக்கு எந்த மெட்டு தெரியும், எந்தச் சொல் அவர்கள் வாழ்வைத் தொடும், பேசியபின் அவர்கள் என்ன செய்வார்கள் என்பவையே இன்று தொடர்பியல் வகுப்பில் முதல் மாதத்தில் கற்பிக்கப்படும் கேள்விகள். அமெரிக்க அறிஞர் ஹெரால்டு லாஸ்வெல் 1948இல் இக்கேள்விகளை ஒரு சூத்திரமாகத் தொகுத்துத் தந்தார். அந்நூலைப் பார்த்திராத பாவலர், பத்தாண்டுகளுக்குப் பின் அவற்றுக்குத் தேவிகுளத்து மலைச்சரிவில் விடை கண்டார்.

அவர்கள் படிக்கவில்லையா?

அப்படியாயின் தந்தையின் கேள்வி நியாயமானதுதானே எனத் தோன்றும். சற்று நின்று நோக்குவோம்.

இளையராஜா 1968இல் சென்னை சென்றார். அண்ணனின் மேடைகளில் ஆண்டுக்கணக்கில் வாசித்த அனுபவம் அவரிடம் இருந்தது. அது போதும் என்று அவர் கருதவில்லை. தன்ராஜ் மாஸ்டர் என்ற ஆசிரியரிடம் மாணவராய் அமர்ந்து மேலை இசையின் எழுத்துமுறையையும் இலக்கணத்தையும் கற்றார். இலண்டன் டிரினிட்டி இசைக் கல்லூரியின் கிடார் தேர்வும் எழுதித் தேறினார். பிற இசையமைப்பாளர்களின் குழுக்களில் பணிபுரிந்தார். இவ்வளவும் கடந்தே 1976இல் 'அன்னக்கிளி' வந்தது.

அல்லிநகரத்தில் பிறந்த பாரதிராஜா சுகாதாரத் துறையில் பணியாற்றியவர். அவ்வேலையை விட்டுச் சென்னை சென்றவர், கன்னடத் திரையுலகின் புகழ்பெற்ற இயக்குநர் புட்டண்ணா கனகல் முதலானோரிடம் உதவியாளராய் இருந்து தொழில் கற்றார். 1977இல் '16 வயதினிலே' படத்தின் வழியாக ஒளிப்பதிவுக் கருவியை அரங்கிலிருந்து வயல்வெளிக்குக் கொண்டுவந்தபோது, அவருக்குப் பின்னால் நீண்ட பயிற்சிக் காலம் இருந்தது. வடுகபட்டியில் வளர்ந்த வைரமுத்து, சென்னைப் பச்சையப்பன் கல்லூரியில் தமிழ் முதுகலை பயின்றவர். 1980இல் வெளிவந்த 'நிழல்கள்' படத்தில்தான் அவருடைய முதல் திரைப்பாடல் ஒலித்தது. அப்படத்தின் இயக்குநர் பாரதிராஜா, இசை இளையராஜா. இன்றைய தேனி மாவட்டத்து மண்ணின் மைந்தர் மூவர் ஒரே படத்தில் சந்தித்தனர்.

எனவே, அவர்கள் படிக்கவில்லை என்பது பிழையான கூற்று. அவர்கள் பட்டம் பெற்ற கல்லூரி வேறு, அவ்வளவே. அவர்கள் காலத்தில் இக்கலைகள் பெரும்பாலும் குருகுல முறையில் கற்கப்பட்டன. அந்தக் குருகுலத்தின் வாசல் அகலமானதன்று. கோடம்பாக்கத்தில் தெரிந்தவர் இருக்கவேண்டும், பட்டினி கிடக்கத் துணியவேண்டும், ஆணாகவும் பிறந்திருக்கவேண்டும். பள்ளத்தாக்கிலிருந்து எத்தனை இளைஞர் இரயிலேறிச் சென்று, வாசலிலேயே நின்று, வெறுங்கையோடு திரும்பினர் என்பதை எந்த வரலாறும் எழுதி வைக்கவில்லை. வென்றோரின் பெயர்களையே நாம் அறிவோம். அந்தப் பெயர்களுள் நம் பெண்பிள்ளைகளின் பெயர் எதுவும் இல்லை என்பதையும் கவனித்தல் வேண்டும். கல்லூரியில் ஒரு துறை ஏற்படுவதன் பொருள் இதுதான்: யாரையும் தெரியாத வீட்டுப் பெண்ணும் விண்ணப்பம் எழுதி உள்ளே வரக்கூடிய ஒரு வாசல் திறக்கிறது.

துறை பிறந்த வரலாறு

இதழியலைக் கல்லூரியில் கற்பிக்கலாம் என்ற எண்ணம் மிகப் பழையதன்று. 1908இல் அமெரிக்காவின் மிசௌரிப் பல்கலைக்கழகத்தில் இதழியலுக்கெனத் தனிப்பள்ளி தொடங்கப்பட்டது. செய்தி எழுதுவதை வகுப்பறையில் கற்க முடியுமா என்று அன்று அங்கேயும் ஏளனம் செய்தோர் இருந்தனர். நம் நாட்டில் 1920இல் அன்னி பெசன்ட் அம்மையார் சென்னை அடையாற்றில் இதற்கான முதல் முயற்சியை மேற்கொண்டார். 1938இல் அலிகார் முஸ்லிம் பல்கலைக்கழகமும், 1941இல் இலாகூரில் இருந்த பஞ்சாப் பல்கலைக்கழகமும், 1947இல் சென்னைப் பல்கலைக்கழகமும் இதழியல் கல்வியைத் தொடங்கின. 1965இல் புதுதில்லியில் இந்திய மக்கள் தொடர்பு நிறுவனம் தோன்றியது. திரைத்தொழில் பயிற்சி சென்னையில் 1945ஆம் ஆண்டிலேயே தொடங்கியது. அந்நிறுவனம் இன்று தரமணியில் எம்.ஜி.ஆர். பெயரில் அரசின் திரைப்படம் மற்றும் தொலைக்காட்சிப் பயிற்சி நிறுவனமாக இயங்குகிறது.

கல்லூரிக்கு வெளியே நிகழ்ந்த ஒரு கல்வியையும் மறத்தலாகாது. 1942இல் மதுரையில் 'தினத்தந்தி'யைத் தொடங்கிய சி.பா. ஆதித்தனார், எழுத்துக்கூட்டிப் படிப்பவனுக்கும் விளங்கும்படி செய்தி எழுதவேண்டும் என்று தம் செய்தியாளர்களைப் பழக்கினார்; அவர்களுக்கென ஒரு கையேடும் எழுதினார். நம் ஊர்த் தேநீர்க் கடைகளில் ஒருவர் உரக்கப் படிக்கப் பத்துப்பேர் கேட்ட காட்சி, அந்த எளிய நடையால் விளைந்தது.

பின்னர் ஊடகங்கள் பெருகின. 1975இல் சென்னைத் தொலைக்காட்சி நிலையமும், 1993இல் தனியார் துறையில் சன் தொலைக்காட்சியும் வந்தன. கொடைக்கானல் மலையிலிருந்து ஒலிக்கும் வானொலியின் பண்பலை, பள்ளத்தாக்கின் வயல்களிலும் பேருந்துகளிலும் ஒலிக்கத் தொடங்கியது. கருவிகள் வந்தபின் அவற்றை இயக்கக் கற்றவர் தேவைப்பட்டனர். இத்தேவையை முன்னுணர்ந்து 1980களின் இறுதியில் சென்னை இலயோலாக் கல்லூரி காட்சித் தொடர்பியலை இளநிலைப் பட்டப்படிப்பாக ஏற்படுத்தியது. தமிழகத்தில் அது முன்னோடி முயற்சி. இன்று மதுரை உள்ளிட்ட பல நகரங்களின் கல்லூரிகளில் இப்படிப்பு உண்டு.

திருச்சபையின் பழைய தொழில்

ஓர் இயேசு சபைக் கல்லூரி இதில் முன்சென்றதில் வியப்பில்லை. தமிழில் முதன்முதலாக அச்சேறிய நூல்களுள் ஒன்றான 'தம்பிரான் வணக்கம்', 1578இல் நம் மலைகளுக்கு அப்பாலுள்ள கொல்லத்தில் அன்றீக்கு அடிகளாரால் வெளியிடப்பட்டது. 1606இல் மதுரைக்கு வந்த தத்துவ போதகர் இராபர்ட் தெ நொபிலி, மக்களோடு பேசுமுன் அவர்களது மொழியையும் மரபையும் கற்றார். வீரமாமுனிவர் எகர ஏகாரங்களுக்கும் ஒகர ஓகாரங்களுக்கும் வேறுபாடு தெரிய எழுத்து வடிவைத் திருத்தினார். 1732இல் சதுரகராதி தந்தார். படிப்பவன் இடறாமல் படிக்கவேண்டும் என்ற அக்கறையே எழுத்துச் சீர்திருத்தம் ஆயிற்று.

இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1963ஆம் ஆண்டு டிசம்பர் 4ஆம் நாள் வெளியிட்ட முதல் இரு ஏடுகளுள் ஒன்று திருவழிபாடு பற்றியது; மற்றொன்று சமூகத் தொடர்புக் கருவிகள் பற்றியது. 1967 முதல் ஆண்டுதோறும் உலகச் சமூகத் தொடர்பு நாளைத் திருச்சபை கொண்டாடுகிறது. 1971இல் வெளிவந்த 'ஒன்றிப்பும் முன்னேற்றமும்' என்ற மேய்ப்புப்பணி அறிவுரை, தொடர்புகொள்ளுதல் என்பது கருத்தைக் கடத்துவதற்கு மேலானது, அதன் ஆழத்தில் அது அன்பினால் தன்னையே அளித்தல் என்ற பொருள்பட விளக்குகிறது. வாக்கு மனுவுருவானார் என்று அறிக்கையிடும் நமக்கு இது புதிதன்று. தொலைவில் நின்று அறிவிப்புச் செய்யாமல் நம்மிடையே வந்து குடிகொண்டவரை நாம் வழிபடுகிறோம்.

படித்தபின் எங்கே?

"சோறு போடுமா?" என்ற கேள்விக்கு இறையியலால் மட்டும் விடை கூறல் முறையன்று. எனவே, இத்துறையில் பணிபுரியும் சிலரை விசாரித்தேன்.

மூன்றாண்டுப் படிப்பில் ஓவியம், நிழற்படம், ஒலிப்பதிவு, கதை வசனம் எழுதுதல், படத்தொகுப்பு, விளம்பரம், ஊடகச் சட்டம், தொடர்பியல் கோட்பாடுகள் ஆகியவற்றைத் தொட்டுச் செல்கின்றனர். ஒரு குறும்படமோ ஆவணப்படமோ எடுக்கவேண்டும். ஏதேனும் ஒரு நிறுவனத்தில் சில வாரம் பயிற்சிப் பணி செய்யவேண்டும். முடித்தவர் செல்லும் வழிகள் பல. செய்தித்தாள், தொலைக்காட்சி, வானொலி ஆகியவை அனைவரும் அறிந்தவை. விளம்பர நிறுவனங்களும் வரைகலைக் கூடங்களும் இணையவழி வணிகம் செய்வோரும் எழுதவும் வரையவும் தெரிந்தவர்களைத் தேடுகின்றனர். மருத்துவமனை, வங்கி, தொழிற்சாலை போன்றவற்றில் மக்கள் தொடர்பு அலுவலர் பணி உண்டு. மாநில அரசின் செய்தி மக்கள் தொடர்புத் துறையில் உதவி மக்கள் தொடர்பு அலுவலர் பதவிகள் உள்ளன. குடிமைப் பணித் தேர்வின் வழியே இந்தியத் தகவல் பணியிலும் சேரலாம். முதுகலை முடித்துத் தேசியத் தகுதித் தேர்வில் வென்றால் பேராசிரியராகலாம். தொண்டு நிறுவனங்களில் உடல்நலம், வேளாண்மை, குழந்தைகள் நலன் பற்றி மக்களுக்கு எடுத்துச்சொல்லும் வளர்ச்சித் தொடர்பியல் என்னும் பிரிவும் இருக்கிறது.

மறுபக்கத்தையும் மறைத்தலாகாது. தொடக்க ஆண்டுகளில் ஊதியம் குறைவு. வேலை நேரத்திற்கு வரம்பில்லை. சில கல்லூரிகளில் கட்டணம் மிகுதி, கருவிகளோ சொற்பம். பட்டத்தைவிட, கையில் உள்ள படைப்புகளின் தொகுப்பையே வேலை தருவோர் கேட்கின்றனர். இயக்குநராகும் கனவோடு சேரும் பலர் திருமண நிழற்படத் தொழிலில் நிலைகொள்கின்றனர். அது இழிந்த தொழிலன்று. கனவுக்கும் அதற்கும் உள்ள தொலைவை முன்னமே அறிந்து செல்லவேண்டும், அவ்வளவே. ஆங்கிலத்தில் தயங்கும் நம் பிள்ளைகள் முதலாண்டில் துன்புறுவதும் உண்டு. ஆனால், பள்ளத்தாக்கின் பேச்சும் பாட்டும் வாழ்வும் அவர்களது முதலீடு என்பதை அவர்களுக்கு யாரேனும் சொல்லவேண்டும்.

2011ஆம் ஆண்டின் டிசம்பர்

இவை எல்லாவற்றையும் எண்ணிக்கொண்டிருந்தபோது, என் நினைவு 2011ஆம் ஆண்டின் இறுதிக்குச் சென்றது. அப்போது நான் இப்பள்ளத்தாக்கில் ஓர் ஊரில் பணியாற்றினேன்.

அவ்வாண்டு இடுக்கிப் பகுதியில் சிறு நில அதிர்வுகள் உணரப்பட்டன. பெரியாறு அணை உடையும் என்ற அச்சம் அப்பக்கம் பரவியது. அணைக்கான 999 ஆண்டுக் குத்தகையை நினைவூட்டும் தலைப்போடு ஒரு திரைப்படம் நவம்பரில் வெளிவந்தது; தமிழக அரசு அதற்குத் தடை விதித்தது. டிசம்பரில் கம்பம், கூடலூர்ப் பகுதி மக்கள் ஆயிரக்கணக்கில் குமுளி எல்லை நோக்கி நடந்தனர். எல்லைப் போக்குவரத்து நின்றது. அப்பக்கத்துத் தோட்டங்களில் வேலை செய்த தமிழ்க் குடும்பங்கள் அஞ்சி மலையிறங்கி வந்தன. இப்பக்கத்தில் மலையாளிகளின் கடைகளும் உடைமைகளும் தாக்கப்பட்டன. தலைமுறை தலைமுறையாக ஒரே சந்தையில் பண்டம் மாற்றியவர்கள் ஒருவரையொருவர் பகைவராய்ப் பார்த்தனர்.

நீர் உரிமை பற்றிய மக்களின் கவலை உண்மையானது, வாழ்வாதாரம் சார்ந்தது. அப்பக்கத்தில் அணையின் கீழே வாழ்வோரின் அச்சமும் நடிப்பன்று. ஆனால், இவ்விரண்டுக்கும் நடுவே வதந்தி புகுந்தது. இரவில் கைப்பேசிக் குறுஞ்செய்தியாய் வந்த பலவற்றைக் காலையில் விசாரித்தால் உண்மையாய் இராது. அதற்குள் அது பத்து ஊர்களைக் கடந்திருக்கும். தொலைக்காட்சியில் அப்பக்கத்தின் மொழியில் ஒரு கதையும் இப்பக்கத்தின் மொழியில் வேறொரு கதையும் ஓடின. இரு மொழியும் அறிந்து, இரு கரையிலும் நடந்து, கண்டதை மட்டும் சொல்லி, காணாததை விசாரித்தபின் சொல்லும் மனிதர் போதிய அளவில் நம்மிடம் இல்லை. 2014ஆம் ஆண்டு மே 7ஆம் நாள் உச்ச நீதிமன்றம் அணை பாதுகாப்பானது எனக் கூறி, 142 அடி வரை நீர் தேக்கலாம் என்று தீர்ப்பளித்தது. வழக்கு ஒருவாறு தீர்ந்தது. உடைந்த நட்புகள் எல்லாம் ஒட்டவில்லை.

அன்று எனக்கு ஒரு குற்ற உணர்வும் உண்டாயிற்று. மலையிறங்கி வந்தோர் சொன்ன ஒரு செய்தியை நானும் விசாரியாமல் மறையுரையில் எடுத்துரைத்தேன். அது மிகையானது என்பது பின்னரே தெரிந்தது. பீடத்திலிருந்து சொன்னதை யாரும் ஐயுறவில்லை. நான் இறையியலும் மெய்யியலும் ஆண்டுக்கணக்கில் கற்றவன். செய்தியைச் சரிபார்க்கும் எளிய ஒழுக்கத்தை எனக்கு ஒருவரும் கற்றுத்தரவில்லை. அடுத்த ஞாயிறு அதே பீடத்திலிருந்து திருத்தம் கூறினேன். முதல் சொல் சென்ற இடமெல்லாம் திருத்தம் சென்றிருக்குமா என்பது ஐயமே. 2018ஆம் ஆண்டு உலகச் சமூகத் தொடர்பு நாளுக்குத் திருத்தந்தை பிரான்சிஸ் பொய்ச்செய்தியையும் அமைதிக்கான இதழியலையும் பொருளாக எடுத்தபோது, நான் நினைத்தது இந்த ஞாயிற்றைத்தான்.

மீண்டும் அந்த ஞாயிறு

தந்தையும் மகளும் மறுபடி வந்தனர். தந்தையிடம் நான் கூறியவை சிலவே. பாரதிராஜாவும் இளையராஜாவும் படித்தே வந்தனர், குருவிடம் படித்தனர். உங்கள் மகளுக்குச் சென்னையில் குரு யாரையும் தெரியாது. ஆகையால் அவளுக்குக் கல்லூரி வேண்டும். சோறு போடும், உடனே வயிறு நிறையப் போடாது. சேர்க்குமுன் அக்கல்லூரிக்கு நேரில் சென்று, கருவிகள் மாணவர் கையில் இருக்கின்றனவா, அலமாரியில் பூட்டியிருக்கின்றனவா என்று பாருங்கள். முன்பு படித்து முடித்தவர் மூவரைத் தேடிப்பிடித்து, இப்போது என்ன செய்கின்றனர் என்று கேளுங்கள்.

மகளிடம் ஒன்றே ஒன்று கேட்டேன்: "அம்மா, நீ யாருக்காகப் பேசப் போகிறாய்?"

அவள் சிறிது நேரம் பேசவில்லை. பிறகு, "எங்க அப்பா வேல பாக்குற தோட்டத்துல இருக்குறவங்களப் பத்தி இதுவரைக்கும் யாரும் எதுவும் எடுக்கல சாமி" என்றாள். தந்தை அவளைத் திரும்பிப் பார்த்தார். தன் வாழ்வும் ஒருவர் சொல்லத்தக்க செய்தி என்று அவர் அதுவரை எண்ணியிருக்கமாட்டார்.

அவள் அவ்வாண்டே கல்லூரியில் சேர்ந்தாள். கட்டணத்தில் ஒரு பகுதியைப் பங்கு மக்கள் சிலர் ஏற்றுக்கொண்டனர். அவள் நாளை என்ன ஆவாள் என்பதை நான் அறியேன். ஆனால், கடந்த விடுமுறையில் வந்தவள் தோட்டத்து முதியவள் ஒருத்தியின் பேச்சைப் பதிவு செய்து, அதில் கூறப்பட்ட ஆண்டு சரிதானா என்று என்னிடமும் பள்ளி ஆசிரியரிடமும் தனித்தனியே வந்து கேட்டாள். இருவரிடமும் கேட்டபின்னரே எழுதிக்கொண்டாள்.

பத்தாண்டுகளுக்கு முன் பீடத்தில் நின்ற எனக்கு அந்தப் பழக்கம் இருந்திருக்கலாகாதா என்று எண்ணிக்கொண்டேன். நம் பிள்ளைகள் சொல்லைச் சுமக்கப் புறப்படும்போது, சோறு போடுமா என்று கேட்பது பெற்றோரின் கடமை. அச்சொல் உண்மையாய் இருக்குமா, எளியோரைச் சென்று சேருமா என்று கேட்டு, அதற்கேற்ப அவர்களைத் தாங்குவது திருச்சபையாகிய நம் அனைவரின் கடமை.